டபுள் கிளிக் யாருடைய வேலை? மேக், அமிகா, அடாரி எஸ்டி

டபுள் கிளிக் என்று ஒன்று மவுஸுக்குத் தெரியாது. பட்டன் கீழே போச்சு, பட்டன் மேலே வந்துச்சு. அது அனுப்புகிற சேதி இந்த இரண்டு மட்டும்தான். அதற்கு மேலே, மென்பொருளில் எங்கேயோ ஓர் இடத்தில், "இது இரண்டு தனித்தனி கிளிக் இல்லை, ஒரே டபுள் கிளிக்" என்ற முடிவு எடுக்கப்படுகிறது. அந்த முடிவை எடுப்பது யார்? பயனர் எழுதின புரோகிராமா, அதற்கு அடியில் இருக்கிற சிஸ்டமா? எந்தக் கடிகாரத்தை வைத்து எடுக்கிறார்கள்?

சின்னக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் 1984, 85-இல் சந்தைக்கு வந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட மூன்று கம்ப்யூட்டர்கள் இதற்கு மூன்று வேறு வேறு பதில் சொல்லியிருக்கின்றன. அவற்றின் புரோகிராமர் கையேடுகளையும், கிடைக்கிற இடத்தில் சோர்ஸ் கோடையும் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் குறிப்புகளின் தொகுப்புதான் இது.

சாவி இருந்த இடத்தில் நேரம்

முதலில் டபுள் கிளிக் ஏன் தேவைப்பட்டது என்று பார்த்துவிடுவோம்.

ஜெராக்ஸ் கம்பெனி (ஆமாம், நம்ம ஊர் ஜெராக்ஸ் கடைக்குப் பேர் கொடுத்த அதே கம்பெனிதான்) 1981-இல் ஸ்டார் என்ற அலுவலகக் கம்ப்யூட்டரை வெளியிட்டது. ஐகான், ஜன்னல், மவுஸ் எல்லாம் அதில் இருந்தது. ஒரு ஃபைலைத் திறக்க வேண்டும் என்றால் மவுஸால் அதன் ஐகானைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கீபோர்டின் இடப்பக்கம் இருக்கிற 'ஓபன்' சாவியை அழுத்த வேண்டும். 'மூவ்', 'காப்பி', 'டெலீட்' எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சாவிகள். எதைச் செய்ய வேண்டும் என்பதை மவுஸ் காட்டும், என்ன செய்ய வேண்டும் என்பதைச் சாவி சொல்லும். குழப்பமே இல்லை.

அதே ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் 1970-களின் நடுவில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் எழுதிய ஜிப்ஸி என்ற எடிட்டரில், ஒரு சொல்லின்மேல் இரண்டு முறை கிளிக்கினால் முழுச் சொல்லும் தேர்வாகும். அங்கே டபுள் கிளிக் என்பது தேர்வை அகலப்படுத்துகிற வழி. திறக்கிற வேலை அதற்குக் கிடையாது.

டெஸ்லர் 1980-இல் ஆப்பிளுக்குப் போனார். ஆப்பிளின் லிசா 1983 ஜனவரியில் வந்தது. விலை 9,995 டாலர். மவுஸில் ஒரே ஒரு பட்டன். 'ஓபன்' மாதிரி தனிச் சாவிகளும் கிடையாது. அப்படியானால் "இதைத் தேர்ந்தெடு", "இதைத் திற" என்ற இரண்டு கட்டளைகளையும் ஒரே பட்டனால் எப்படிச் சொல்வது? நேரத்தால்தான். அழுத்தினால் ஓர் அர்த்தம், சட்டென்று இன்னொரு தடவை அழுத்தினால் வேறோர் அர்த்தம். ஸ்டாரில் ஒரு சாவி செய்த வேலையை லிசாவில் கடிகாரம் செய்தது.

இதில் ஒரு விலை ஒளிந்திருக்கிறது. சாவியை அழுத்துவதில் வேகம் ஒரு பொருட்டே இல்லை. டபுள் கிளிக்கில் உங்கள் விரலின் வேகமும் கட்டளையின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது.

ஒரே சிப், மூன்று கம்பெனி

ஆப்பிள் மெக்கின்டாஷ் 1984 ஜனவரியில் 2,495 டாலருக்கு வந்தது. அதே மாதம் கமோடோர் கம்பெனியின் நிறுவனர் ஜாக் டிராமியல் தன் கம்பெனியை விட்டு வெளியேறினார். ஜூலையில் அடாரியின் வீட்டுக் கம்ப்யூட்டர் பிரிவையே வாங்கி, அடுத்த வருஷம் 520 எஸ்டி-யை 799 டாலருக்குக் கொண்டுவந்தார், கறுப்பு வெள்ளை மானிட்டரோடு சேர்த்து. கமோடோர் சும்மா இருக்குமா? 1985 ஜூலையில் 1,295 டாலருக்கு அமிகாவை அறிமுகம் செய்தது. அமிகாவின் சிப்களுக்குப் பின்னால் இருந்த ஜே மைனர் பழைய அடாரிக்காரர். ஆக, கமோடோர்காரர் அடாரியை விற்கிறார், அடாரிக்காரர் செய்ததைக் கமோடோர் விற்கிறது. நம்ம ஊர் அரசியல் தோற்றது போங்க.

மூன்றிலும் உள்ளே இருப்பது மோட்டோரோலா 68000, ஏறக்குறைய 8 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில். மூன்றிலும் மவுஸ், ஐகான், டபுள் கிளிக் செய்தால் திறப்பது எல்லாம் உண்டு. மேக்குக்கு ஒரு பட்டன், மற்ற இரண்டுக்கும் இரண்டு பட்டன். அமிகாவில் வலது பட்டன் மெனுவுக்குப் போய்விட்டது. எஸ்டியின் மெனுவோ, சுட்டி மேலே பட்டாலே கீழே இறங்கிவிடும், கிளிக்கே வேண்டாம். அதனால் டெஸ்க்டாப்பில் அதன் வலது பட்டன் பெரும்பாலும் சும்மாவே கிடந்தது. 'திற' என்ற கட்டளையை அந்த பட்டனுக்குக் கொடுத்திருந்தால் டபுள் கிளிக்கே தேவைப்பட்டிருக்காது. கொடுக்கவில்லை. லிசாவும் மேக்கும் போட்ட பாதை அவ்வளவு சீக்கிரம் பழகிவிட்டது.

மேக்: நீயே எண்ணிக்கொள்

மேக்கின் சிஸ்டம் புரோகிராமுக்கு டபுள் கிளிக் என்று எதையும் அனுப்பாது. பட்டன் அழுத்தப்பட்டது, விடப்பட்டது என்று மட்டும் சொல்லும். ஒவ்வொரு சேதியோடும் அது நடந்த நேரமும் இடமும் சேர்ந்து வரும். நேரத்தின் அலகு 'டிக்', ஏறத்தாழ 1/60 விநாடி.

மீதி வேலை புரோகிராம் எழுதுபவருடையது. முதல் கிளிக்கில் பட்டனை விட்ட நேரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து பட்டன் அழுத்தப்பட்ட நேரத்தோடு கழித்துப் பார்க்க வேண்டும். சிஸ்டத்திடம் 'கெட்-டபுள்-டைம்' என்ற ஃபங்ஷன் மூலம் "எவ்வளவு நேரம்வரை டபுள் கிளிக் என்று எடுத்துக்கொள்ளலாம்?" என்று கேட்டு, இடைவெளி அதற்குள் இருந்தால், இடமும் பக்கத்திலேயே இருந்தால், டபுள் கிளிக். பயனர் கண்ட்ரோல் பேனலில் மூன்று அளவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அதிலிருந்துதான் அந்த எண் வருகிறது.

இதில் நல்லது ஒன்று: காத்திருத்தலே இல்லை. முதல் அழுத்தலிலேயே ஐகான் கறுப்பாகித் தேர்வாகிவிடும். இரண்டாவது வந்தால் திறக்கும், வராவிட்டால் தேர்வாகியே இருக்கும். அதனால்தான் ஆப்பிள் தன் வழிகாட்டு விதிகளில் ஒன்றை அழுத்திச் சொன்னது: டபுள் கிளிக்கின் பலன், ஒற்றைக் கிளிக்கின் பலனை நீட்டிப்பதாகத்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் முதல் கிளிக் ஏற்கெனவே தன் வேலையைச் செய்து முடித்திருக்கும்.

கெட்டது: பயனர் வைத்த அளவை ஒரு புரோகிராம் மதிக்கலாம், மதிக்காமலும் போகலாம். எழுதுபவர் சோம்பேறியாக இருந்து ஓர் எண்ணைத் தானே போட்டுவிட்டால் சிஸ்டத்தால் தடுக்க முடியாது.

அமிகா: நேரமுத்திரை

அமிகாவின் இன்ட்யூஷன் என்ற பகுதி (ஆர். ஜே. மிக்கல் எழுதியது) ஒரு படி நடுவில் நிற்கிறது. இங்கேயும் டபுள் கிளிக் என்று தனிச் சேதி வராது. ஆனால் 'டபுள்கிளிக்' என்ற பேரிலேயே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. இரண்டு நேரங்களை, விநாடியும் மைக்ரோ விநாடியுமாக, அதனிடம் கொடுத்தால், பயனர் பிரிஃபரன்ஸில் வைத்த அளவோடு ஒப்பிட்டு ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும். தீர்ப்பு சிஸ்டத்துடையது, வழக்கைக் கொண்டுபோவது புரோகிராமுடைய வேலை. இடத்தைப் பற்றி அந்த ஃபங்ஷன் கேட்கவே கேட்காது. அதையும் பார்க்க வேண்டும் என்றால் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த அமைப்பு அமிகாவுக்கு ஏன் பொருந்தியது? அதில் ஒரே நேரத்தில் பல புரோகிராம்கள் ஓடும். நீங்கள் கிளிக் செய்த நொடியில் உங்கள் புரோகிராம் வேறு வேலையில் மூழ்கியிருக்கலாம், சேதியை அரை விநாடி கழித்துத்தான் எடுத்துப் படிக்கலாம். ஆனால் சேதியின்மேல் நேரமுத்திரை ஏற்கெனவே விழுந்துவிட்டது. தபாலில் முத்திரைத் தேதி மாதிரி. கடிதம் தாமதமாக வந்தாலும் என்றைக்குப் போட்டது என்று தெரியும். கம்ப்யூட்டர் மெதுவாக இருந்ததற்காக உங்கள் டபுள் கிளிக் இரண்டு ஒற்றைக் கிளிக்காக உடையாது.

எஸ்டி: எண்ணி முடித்துவிட்டுச் சொல்கிறேன்

அடாரி எஸ்டியின் முகம், டிஜிட்டல் ரிசர்ச் கம்பெனியின் கெம். இங்கே கதையே தலைகீழ். புரோகிராம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்: "நான் அதிகபட்சம் 2 கிளிக்வரை எதிர்பார்க்கிறேன்." கெம் எண்ணிப் பார்த்துவிட்டு 1 அல்லது 2 என்று விடை தரும். கழித்தல் கணக்கு எதுவும் நமக்கு இல்லை. புரோகிராமருக்குச் சொகுசு.

ஆனால் யோசித்துப் பாருங்கள். முதல் கிளிக் விழுந்துவிட்டது. இரண்டாவது வருமா, வராதா? கெம்முக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, காத்திருப்பது. குறித்த நேரம் முடியும்வரை புரோகிராமுக்கு எந்தச் சேதியும் போகாது. நேரம் முடிந்த பிறகுதான் "ஒரு கிளிக்" என்ற பதில் வரும்.

கெம்மின் சோர்ஸ் கோட் 1999-இல் கட்டற்ற உரிமத்தில் வெளியானது. அதன் வழிவந்த எமுடாஸில் இந்தப் பகுதியை இன்றைக்கும் படிக்கலாம். மொத்தமே சில பத்து வரிகள். பட்டன் அழுத்தப்பட்டதும் முதல் கேள்வி: ஒன்றுக்கு மேற்பட்ட கிளிக்கை எதிர்பார்த்து யாராவது காத்திருக்கிறார்களா? யாரும் இல்லையென்றால் சேதியை உடனே அனுப்பிவிடும். யாராவது இருந்தால் மட்டும் ஒரு கவுண்ட்டவுனைத் தொடங்கும். அதற்குள் மறுபடி அழுத்தினால் எண்ணிக்கையில் ஒன்று கூட்டி, கெடுவைக் கொஞ்சம் நீட்டும். பூஜ்யத்தைத் தொட்டதும் எண்ணிக்கையை அறிவிக்கும். கெடுவின் அளவைப் பயனர் 0 முதல் 4 வரை ஐந்து நிலைகளில் மாற்றலாம். 0 மெதுவானது.

இதன் விளைவு எனக்கு ரொம்பவும் பிடித்த முரண். எஸ்டியில், மெதுவாக டபுள் கிளிக் செய்பவருக்காகக் கெடுவை நீட்டினால், அதே கம்ப்யூட்டரில் ஒற்றைக் கிளிக்குக்குப் பதில் வருவதும் தாமதமாகும். மேக்கிலும் அமிகாவிலும் இந்த அபராதம் கிடையாது.

எங்கிருந்து எண்ணுவது?

இன்னொரு நுணுக்கம், கோடைப் படித்தால்தான் கண்ணில் படுவது. கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

மேக்கில் முதல் கிளிக்கை *விட்ட* நேரத்திலிருந்து. எஸ்டியில் முதல் கிளிக்கை *அழுத்திய* நேரத்திலிருந்து. அமிகாவில் எந்த இரண்டு நேரத்தை ஒப்பிடுவது என்பது எழுதுபவர் இஷ்டம்.

கைவேகம் உள்ள ஒருவருக்கு இதில் வித்தியாசமே தெரியாது. பட்டனை அழுத்திக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறவருக்குத் தெரியும். எஸ்டியில் அவர் பிடித்துக்கொண்டிருக்கும் நேரமும் கெடுவில் கழிந்துவிடும். மேக்கில் கழியாது, விரலைத் தூக்கிய பிறகுதான் கணக்கு. பின்னால் வந்த விண்டோஸும் அழுத்தியதிலிருந்து அடுத்த அழுத்தல்வரைதான் அளக்கிறது, வழக்கமான கெடு 500 மில்லி விநாடி. உலகத்தில் பாதிப்பேர் டபுள் கிளிக் பழகினது அந்தக் கணக்கில்தான்.

என் அம்மா அறுபது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் பழகினபோது இதை நேரிலேயே பார்த்தேன். காலிங் பெல் அடிக்கிற மாதிரி பட்டனை நன்றாக அழுத்தி, ஒரு நொடி நிறுத்தி, அப்புறம்தான் விடுவார்கள். இரண்டாவது கிளிக்குக்கு முன் சுட்டி கொஞ்சம் நகர்ந்தும் போயிருக்கும். விண்டோஸ் பொறுத்துக்கொள்ளும் நகர்வு சில பிக்ஸல்தான். ஃபைல் திறப்பதற்குப் பதில் எங்கேயோ இழுபட்டுப் போய்விடும். "இது என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்பார்கள். கேட்கத்தான் செய்தது, அவர்கள் கைக்கான கடிகாரம் அதில் இல்லை. கடைசியில் ஒரு தடவை கிளிக், பிறகு எண்டர் சாவி என்று பழக்கிவிட்டேன். யோசித்தால் அது ஜெராக்ஸ் ஸ்டாரின் வழி: மவுஸ் காட்டும், சாவி சொல்லும்.

அந்த அளவு எங்கே குடியிருந்தது?

மேக்கில், பேட்டரியால் உயிரோடு இருக்கிற 20 பைட் நினைவகத்தில். அதாவது டபுள் கிளிக் வேகம் *மெஷினுடையது*. அமிகாவின் 1.x பதிப்புகளில், துவக்க ஃப்ளாப்பியில் 'சிஸ்டம்-கான்ஃபிகரேஷன்' என்ற ஃபைலில். அதாவது அது *டிஸ்க்குடையது*. உங்கள் ஃப்ளாப்பியை நண்பர் வீட்டுக்கு எடுத்துப்போனால் உங்கள் விரலின் வேகமும் கூடவே போகும். ஒரே அமிகாவில் அண்ணன் டிஸ்க் போட்டால் ஒரு வேகம், தம்பி டிஸ்க் போட்டால் இன்னொரு வேகம். லாகின், புரொஃபைல் என்ற பேச்செல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இல்லாத காலத்தில், இது தற்செயலாக அமைந்த நல்ல ஏற்பாடு.

நான்காவது பதில்

இங்கிலாந்தின் ஏகார்ன் கம்பெனி 1987-இல் ஆர்க்கிமிடீஸைக் கொண்டுவந்தது. மூன்று பட்டன் மவுஸ்: செலக்ட், மெனு, அட்ஜஸ்ட். ஒவ்வொரு ஐகானையும் உருவாக்கும்போதே அதன் கொடி எண்ணில் 4 பிட்டுகளில், "இது எந்த மாதிரி கிளிக்குக்குப் பதில் சொல்லும்" என்று எழுதிவைத்துவிட வேண்டும். டபுள் கிளிக்கும் இழுப்பதும் வேண்டும் என்று ஓர் ஐகான் கேட்டிருந்தால், செலக்ட்டின் முதல் கிளிக் 1024 என்ற எண்ணோடு உடனே வரும், இரண்டாவது 4 என்ற எண்ணோடு வரும். காத்திருத்தலும் இல்லை, கழித்தல் கணக்கும் இல்லை. மேக்கின் வேகம், எஸ்டியின் சொகுசு, இரண்டும் சேர்ந்தது. பின்னால் ரிஸ்க் ஓஎஸ் 3-இல் கெடு நேரம், சுட்டி நகரலாம் என்ற தூரம் ஆகிய இரண்டையுமே பயனர் தனித்தனியாக மாற்றிக்கொள்ள முடிந்தது. அந்தத் தூரம் என்பது நடுங்கும் கைக்கு நேரத்தைவிட முக்கியம்.

ஆனால் பிரிட்டனுக்கு வெளியே அதைப் பார்த்தவர்கள் குறைவு.

திரும்பி வந்த எஸ்டி

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்தால், 2007-க்கு வாருங்கள். ஐஃபோன் வந்தது. பெரிய திரைக்கு எழுதின வெப் பக்கங்களைச் சின்னத் திரையில் படிக்க, இரண்டு முறை தட்டினால் பெரிதாகும் என்று ஒரு வசதி. முதல் தட்டல் விழுந்ததும் பிரவுசருக்கு அதே பழைய சந்தேகம்: இரண்டாவது வருமா? அதனால் ஒவ்வொரு தட்டலுக்கும் ஏறத்தாழ 300 மில்லி விநாடி காத்திருந்தது. லிங்க்கைத் தட்டினாலும் காத்திருப்பு, பட்டனைத் தட்டினாலும் காத்திருப்பு. மொபைல் வெப் வேலை பார்த்தவர்களுக்கு இந்த 300 ஓர் எண் இல்லை, தலைவலி. அதைச் சுற்றிப்போக தனி லைப்ரரிகளே எழுதினார்கள்.

தீர்வு எப்படி வந்தது? 2014-இல் குரோம் 32, மொபைல் திரைக்கென்றே அகலம் அமைத்த பக்கங்களில் இரட்டைத் தட்டல் தேவையில்லை என்று எடுத்துக்கொண்டு காத்திருப்பை நீக்கியது. 2016-இல் ஐஓஎஸ் 9.3-இலும் அதே வழி. "ஒன்றுக்கு மேல் எதிர்பார்த்து யாராவது காத்திருக்கிறார்களா? இல்லையென்றால் உடனே அனுப்பு." கெம்மின் அந்த 1985 வரிதான். இன்றைக்கு ஒரு பட்டனுக்கு ஸ்டைல் எழுதும்போதே "இதில் இரட்டைத் தட்டல் பெரிதாக்கல் வேண்டாம்" என்று அறிவிக்கலாம். அது ஆர்க்கிமிடீஸின் 4 பிட். பதில்கள் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பின்குறிப்பு மாதிரி

மூன்று போட்டியாளர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். மேக்கின் ஃபைல் மெனுவில் 'ஓபன்' உண்டு. கெம் டெஸ்க்டாப்பிலும் உண்டு. அமிகாவின் ஒர்க்பெஞ்ச் மெனுவிலும் உண்டு. ஐகானை ஒரு தடவை கிளிக் செய்துவிட்டு மெனுவுக்குப் போனால் போதும். டபுள் கிளிக் ஒரு குறுக்குவழி மட்டும்தான், அதை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது என்று மூவருக்கும் தெரிந்திருந்தது. பழகப் பழக நாம் குறுக்குவழியையே ரோடு என்று நினைத்துவிட்டோம்.

இந்தக் குறிப்புகளைப் படிப்பவர்களில் புரோகிராம் எழுதுகிறவர்கள் இருந்தால் மூன்று விஷயம். கெடு நேரத்தை நீங்களே போடாதீர்கள், சிஸ்டத்திடம் கேளுங்கள். முதல் கிளிக்கே ஏதாவது உருப்படியாகச் செய்யட்டும். டபுள் கிளிக்கால் மட்டுமே முடியும் என்று எந்த வேலையையும் வைக்காதீர்கள். யாரோ ஓர் அம்மா காலிங் பெல் மாதிரி அழுத்திக்கொண்டிருப்பார்.

அடுத்த குறிப்பில் டிராக் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். கிளிக் எந்தப் புள்ளியில் இழுப்பாக மாறுகிறது என்பதற்கும் இதே மாதிரி ஒரு பூர்வகதை இருக்கிறது.